பெலார்மினாவின் வெள்ளைத் துணி

பெலார்மினா கை கழுவுவதே தனி வேலை. முதலில் அடுப்புச் சாம்பலை ஒரு பிடி அள்ளி முழங்கை வரை தேய்ப்பாள். அப்புறம் புளிப்பு ஆரஞ்சு ஒன்றைப் பாதியாக அறுத்து, பத்து விரல் நகங்களையும் ஒவ்வொன்றாக அதற்குள் குத்தித் திருகுவாள். கிணற்று நீரில் அலசுவாள். கடைசியில் விரல்களை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். வாடை இருந்தால் மறுபடியும் சாம்பல். இல்லையென்றால்தான் வேலிப் படலைத் திறந்து நாற்றங்காலுக்குள் காலெடுத்து வைப்பாள்.

பகல் முழுக்கக் காய்ந்த புகையிலையின் நடுநரம்பை உரிக்கிற கை அது. பழைய புகையிலை பட்டால் இளம் நாற்றுக்கு ஆகாது, இலையில் வெளிறிய திட்டு விழுந்து சுருண்டுவிடும். சான் கிறிஸ்தோபல் மலையடியில் பயிர் வைக்கிற எவருக்கும் இது தெரியும். தெரிந்தும் சுருட்டைக் கடித்துக்கொண்டே நாற்றங்காலுக்குள் நுழைகிறவர்களும் உண்டு. அவளுடைய செத்துப்போன புருஷன் சத்தூர்னினோ அந்த ரகம். பக்கத்து வீட்டு ஹெர்வாசியோ உயிரோடு இருக்கிற அந்த ரகம். அவன் அவள் மகளுக்கு ஞானத் தகப்பன். அந்த உறவை வைத்து அவளை ‘கொமாத்ரே’ என்று கூப்பிடுவான்.

"கொமாத்ரே, உன் நாத்தங்காலுக்குள்ள வரணும்னா பாவமன்னிப்பு கேட்டுட்டு வரணுமா?"

"நீ செஞ்ச பாவத்துக்குச் சாமியாரே ஓடிப்போயிருவாரு. வாயில இருக்கிற கட்டையைத் தூரப் போடு. போட மாட்டியா, அங்கயே நின்னு பேசு."

அந்த வருஷம் அவள் இன்னும் கறாராக இருந்தாள். இருபத்தாறு வருஷம் பண்ணையார் தோன் ஃபெர்மினின் நிலத்தில் வாரத்துக்கு உழைத்தவள். விளைந்ததில் சரிபாதி அவருடைய களஞ்சியத்துக்குப் போனது. புரட்சி வந்து, தோன் ஃபெர்மின் மியாமிக்குப் போய், நிலச் சட்டம் இந்த மலையடிவரை நடந்து வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. 1962 மே மாதம்தான் சாலை வளைவை ஒட்டிய அந்தத் துண்டு நிலம் அவள் பெயருக்கு வந்தது. செப்டம்பரில் விதைத்தாள். சொந்த மண்ணில் முதல் விதைப்பு. கையில் இருந்த விதை முழுவதையும் போட்டாள், மிச்சம் வைக்கவில்லை. நவம்பரில் பறித்து நட்டால் அந்த வருஷம் பாதி இல்லை, முழுசும் அவளுடையது.

நாற்றுக்கு மேலே வெள்ளைத் துணிப் பந்தல். தோன் ஃபெர்மினின் தோட்டத்தில் கிழிந்து கிடந்த நிழல் துணிகளைப் பொறுக்கி வந்து, கோடை முழுக்க உட்கார்ந்து அவளே ஒட்டுப் போட்டுத் தைத்தது.

அந்த செப்டம்பரில்தான் ரஷ்யர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்ட சட்டை. விவசாய நிபுணர்கள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. அவர்களுடைய லாரிகள் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டு போயின. அது ஒரு அரசப் பனை மரத்தின் நீளம் இருந்தது.

"நிபுணருங்கதான். யாரு இல்லேங்கிறா?" என்றான் ஹெர்வாசியோ. "அந்தத் தார்ப்பாய்க்குள்ள இருக்கிறது வெள்ளரிக்காய். அவங்க ஊர்ல அப்படித்தான் காய்க்குமாம்."

ரகசியம் என்றார்கள். கோழிகளுக்குக்கூடத் தெரிந்த ரகசியம்.

வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் பின்சக்கரத்தை அவளுடைய வேலிமேல் ஏற்றியது. நாற்றங்காலின் ஓரம் ஒரு முழம் நசுங்கிப்போயிற்று. ஓட்டுநர் இறங்கி வந்தான். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், தங்கப்பல், பெயர் கென்னாதி. சாய்ந்த கம்புகளைத் தானே நட்டான். பிறகு மண்டியிட்டு, நசுங்கிய நாற்றுகளின் வேருக்கு விரலால் மண் அணைத்தான். அணைத்து முடித்த திருப்தியில் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்தான். பெலார்மினா போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான்.

அக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அமெரிக்க ஜனாதிபதி பேசியதை ஹெர்வாசியோவின் பேட்டரி ரேடியோ சொன்னது. தீவைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்தப் போகிறார்கள். ஏவுகணைகள் போக வேண்டும். போகவில்லையென்றால் என்ன என்பதைச் சொல்லாமலே சொன்னார்கள். மறுநாள் விமானம் வந்தது. பனைகளின் தலையை உரசிக்கொண்டு போன அதன் வயிற்றை அவள் பார்த்தாள். சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

அன்று மத்தியானமே லெப்டினன்ட் ஒசோரியோ வேலி ஓரம் வந்து நின்றான். ரஷ்யர்களின் முகாமைச் சுற்றிக் காவல் போட்டிருந்த உள்நாட்டுச் சிப்பாய்களுக்கு அவன்தான் அதிகாரி. சான்தியாகோக்காரன், முப்பது வயதுகூட ஆகவில்லை.

"தோழர் பெலார்மினா, அந்தத் துணியை எடுத்துடுங்க. மேலேருந்து பாத்தா வெள்ளை வெளேர்னு தெரியும். இந்த வளைவை அதுவே காட்டிக் கொடுத்துடும்."

"துணியை எடுத்தா நாத்து வெந்துபோகும், தம்பி."

"குண்டு விழுந்தா நாம எல்லாருமே வெந்துபோவோம்."

"அது விழுமான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு வெயில் அடிக்கும். அது நிச்சயம்."

"நான் வாக்குவாதம் பண்ண வரலை. நாளைக் காலையில இந்த வெள்ளை என் கண்ணுல படக் கூடாது. பட்டா நானே கிழிச்சுப் போட்டுருவேன்."

"சாயம் போட்டா விடுவியா?"

"எதையாவது செய்ங்க. ஆனா புகை வரக் கூடாது. அடுப்பு பத்த வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் மொத்தத்துக்கும் அதான் உத்தரவு."

போய்விட்டான். பெலார்மினா செம்மண்ணைக் கரைத்துத் துணியில் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்து, வெள்ளை திரும்பவும் பல்லைக் காட்டியது. மரப்பட்டையைக் கொதிக்கவைத்தால் நல்ல சாயம் இறங்கும். கொதிக்க வைக்கத் தீ வேண்டும். தீ கூடாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் இருந்தது. உரித்துப் போட்ட புகையிலை நரம்புகளை அதில் ஊறப்போட்டு, அவரைச் செடிப் பூச்சிக்குத் தெளிப்பாள். காப்பி நிறத்தில் தண்ணீர். அதுவும் பழைய புகையிலைதான் என்று அவளுக்குத் தெரியும். வேறெதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விடிவதற்குள் ஆகியிருக்காது. பந்தலை அவிழ்த்து வந்து, ஒட்டு ஒட்டாக அந்தத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். மாலை வெயிலும் மலைக்காற்றும் உலர்த்திவிட்டன. உலர்ந்த துணியை, தன் விரல்களை மோந்து பார்ப்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். ஒரு மூலை விடவில்லை. வாடை இல்லை. துணியைத் திரும்பக் கட்டினாள். காய்ந்த புல்லும் அதுவும் ஒரே நிறமாக இருந்தன.

காலையில் லெப்டினன்ட் வந்து பார்த்தான். "பிரமாதம், தோழர்" என்றான்.

அந்த வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆண்கள் பழைய துப்பாக்கிகளோடு பதுங்குகுழி வெட்டினார்கள். விமானங்கள் காலையும் மாலையும் வந்தன. அடுப்பு எரியாததால் பெலார்மினா மரவள்ளியை அவிக்க முடியாமல், இராணுவம் கொடுத்த டப்பா மீனைச் சூடாக்காமலே தின்றாள்.

"இன்னைக்கு ராத்திரியே முடிஞ்சிருமாம்" என்றான் ஹெர்வாசியோ, அணைந்த சுருட்டைக் கடித்துக்கொண்டு. பற்றவைக்கத் தடை என்பதால் மூன்று நாளாக அதே சுருட்டு.

"எது முடியும்?"

"எல்லாந்தான். அவன் ஒண்ணு போட, இவன் ஒண்ணு போட, நடுவுல நாம. உலகத்துல முதல்ல வறுபடப் போற பன்றி நாமதான்."

"யாரு போட்டாலும் போடட்டும். நம்ம வீட்டுக்கு மேல நின்னுக்கிட்டு ஏன் சண்டை போடணும்? அவனவன் வீட்டு முற்றத்துல போட வேண்டியதுதானே?"

"அவனவன் வீட்டுல கண்ணாடிச் சாமானு இருக்கு, கொமாத்ரே. நம்ம வீட்டுல நாமதானே இருக்கோம்."

வியாழன் இரவு மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு இரண்டு நாள் பெய்தது. மழைக்குத் துணி இருப்பது நல்லதாயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது துணியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. தேநீர் நிறம். அனிச்சையாகக் கையை மூக்கிடம் கொண்டுபோனாள்.

பழைய புகையிலை. சத்தூர்னினோவின் வாய் வாடை.

துணியை ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தாள். யாருடைய உத்தரவையும் கேட்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து நாற்றுகளைக் கழுவினாள். அன்றைக்கு விமானம் மேலே போனபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சொன்னது: பேச்சு முடிந்தது. மாஸ்கோவும் வாஷிங்டனும் கடிதம் எழுதிக்கொண்டன. ஏவுகணைகளைத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். ஊர் சந்தோஷப்படவில்லை. ஊர் கொதித்தது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தவர்கள் கேட்காமல் எடுத்துப் போகிறார்கள். சாவதற்குத் தயாராக இரு என்று சொன்னவர்கள், சாக வேண்டாம் என்பதை ரேடியோவில்தான் சொன்னார்கள். ஹெர்வாசியோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சுருட்டைப் பற்றவைத்தான்.

பெலார்மினா நாற்றங்காலில் இருந்தாள். இன்னும் எதுவும் தெரியவில்லை. ஒருவேளை தப்பிவிட்டதோ என்று தினமும் இலை இலையாகப் புரட்டினாள். மறு வாரம் திட்டுகள் தெரிந்தன. முதலில் தெற்குப் பாத்தி. பிறகு நடு. பிறகு ஒன்று விடாமல். இளம்பச்சையில் வெளிறிய மஞ்சள், விளிம்பு சுருட்டிக்கொண்டு.

அன்றுதான் லாரிகளும் திரும்ப ஆரம்பித்தன. லெப்டினன்ட் ஒசோரியோ வளைவில் நின்று வழி ஒதுக்கிக்கொண்டிருந்தான். சவரம் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது. பெலார்மினா நாற்றுகளை வேரோடு பிடுங்கி, சாலை ஓரத்தில் குவித்தாள். பழுப்புத் துணியையும் அதன்மேல் போட்டாள். பிறகு அவனிடம் போனாள்.

"தம்பி. இப்பப் புகை போடலாமா?"

அவன் குவியலைப் பார்த்தான். விளங்கவில்லை.

"உத்தரவு இருக்கான்னு கேக்குறேன். அன்னைக்கு ஒரு பானைத் தண்ணி கொதிக்கவைக்க உத்தரவு இல்ல. பட்டைச் சாயம் போட முடியல. கையில கெடச்சதைப் போட்டேன். என் நாத்தை என் கையாலயே கொன்னேன். இதைக் கொளுத்தணும், இல்லேன்னா இந்த நோய் அடுத்தவங்க நிலத்துக்கும் போயிரும். சொல்லு, புகை போடலாமா?"

"தோழர்..." அவன் தொப்பியைக் கழற்றினான். "எங்களையும் யாரும் கேக்கலை. நாங்க இங்க சாகுறதுக்குத்தான் நின்னோம். ஒரு வார்த்தை கேக்கலை எங்களை."

"நீ என்னைக் கேட்டியா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். ஈர நாற்று எளிதில் பிடிக்கவில்லை; பிடித்ததும் கறுப்பாக, கனமாகப் புகைந்து சாலையை அடைத்தது. லாரிகள் இருமிக்கொண்டே அதற்குள் போயின. ஒன்றின் ஜன்னலில் கென்னாதி. எரிவது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, இறங்கக் கதவைத் திறந்தான்.

"போ!" என்று கத்தினாள் பெலார்மினா. "எடுத்துக்கிட்டுப் போ! உன் வெள்ளரிக்காயை எடுத்துக்கிட்டுப் போயிரு!"

கதவு மூடிக்கொண்டது. வண்டி திரும்பும்போது பின்சக்கரம் இந்த முறையும் வேலியின்மேல் ஏறியது. உள்ளே நசுங்க எதுவும் இல்லை.

சொந்த நிலத்தின் முதல் வருஷத்தில் அவள் மரவள்ளி வைத்தாள். அடுத்த வருஷம் ஹெர்வாசியோ கொடுத்த விதையில் புகையிலை வந்தது, நல்ல விளைச்சல்தான். ஆனால் அதன் பிறகு வேலிக்குள் அவள் எந்த அதிகாரியையும் விடவில்லை, கட்சிக்காரர்கள் வந்தாலும் படலுக்கு வெளியே நிற்கவைத்துத்தான் பேசினாள். கை கழுவுவதில் ஒரு மாற்றம்: மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று தடவை சாம்பல்.

அவள் செத்துப் பல வருஷங்கள் கழித்து, அந்த முகாமை விமானத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்று வெளியே வந்தது. லாரிகளுக்கும் கூடாரங்களுக்கும் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். கீழ் மூலையில், சாலை வளைகிற இடத்தில், அம்புக்குறி எதுவும் இல்லாமல் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம். ஓரத்தில் தேதி இருக்கிறது. லெப்டினன்ட் வேலி ஓரம் வந்து நின்ற நாளுக்கு ஒரு வாரத்துக்கும் முந்திய தேதி.