மாளிகைக்குப் பின்னால் இருந்த மண்

என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது ஒரு மாளிகை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா, அம்மா, நான் மூன்று பேருமே வேலை செய்தோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை பட்டுப்போன சரிவு ஒன்று சும்மா கிடந்தது. அதில் காய்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார் தோட்டத்துத் துரை. தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். மழை மேல்மண்ணை எல்லாம் அடித்துக்கொண்டு போய், மஞ்சள் களியும் கல்லும்தான் அங்கே மிச்சம். ஒன்றும் முளைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொத்மலையில் இருந்த என் தாய்மாமா ஒருமுறை வந்து அந்தச் சரிவைப் பார்த்தார். அவர் மகள்தான் எனக்கு என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. மாமா செருப்புக் காலால் களியைத் தட்டினார். "அக்கா, இதெல்லாம் ஒரு மண்ணா? எம்மக இதுல வந்து என்னத்தக் காணப் போறா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த ரோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று வருடம் அந்தச் சரிவோடு மல்லுக்கட்டினேன். அப்பாவும் நானும் வேலை முடிந்து வந்ததும் கல் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே கட்டு வைத்தோம். மழைத் தண்ணீர் அடங்கி ஓடக் கான் வெட்டினோம். மண் கரையாமல் பிடித்துக்கொள்ளக் கட்டின் ஓரமெல்லாம் மானாப்புல் நட்டோம். சாணம், சருகு, அடுப்புச் சாம்பல் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். "சட்டியில உள்ள சோத்தையும் கொட்டிருவான் போல" என்று அம்மா திட்டுவாள். மூன்றாம் வருடம் ஒருநாள் காலை, மண்வெட்டி விழுந்த இடத்தில் கறுத்த மண் புரண்டது. அதில் கொழுத்த மண்புழு ஒன்று நெளிந்தது. நான் போட்ட கூச்சலில் அடுத்த லயத்துக்காரர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்கள்.

அதில் நட்ட கோவா, லீக்ஸ் காய்கறிகள் தழைத்து வந்த நேரத்தில் இடிபோல ஒரு சேதி வந்தது. நானுஓயாவில் ஒரு கடைக்காரப் பையன் மாமா மகளைப் பெண் கேட்கிறானாம். மாமாவோ எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற வீம்பில் இருந்தார். அவர் வரமாட்டார் என்றால் மண்ணை அவரிடம் அனுப்ப வேண்டியதுதானே? படம் பிடித்து அனுப்புவதென்று முடிவு செய்தேன். அவளை நினைத்தாலே எனக்குத் தலைகால் புரியாத காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை அட்டனிலிருந்து படம் பிடிப்பவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று கால் பெட்டியும் தோளில் ஒரு நீளச் சுருளுமாக மேடேறி வந்து மூச்சு வாங்கினார். நிலத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்றேன். "மண்ணை ஆரும் படம் பிடிப்பினமோ, தம்பி?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் கோவாப் பாத்திக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சுருளை அவிழ்த்து எங்களுக்குப் பின்னால் இரண்டு கம்பில் கட்டினார். திரும்பிப் பார்த்தால் துணியில் தீட்டிய மாளிகை! தூண்கள், படிக்கட்டு, குளத்தில் இரண்டு அன்னம்.

"ஐயோ, மாடி வீடு!" என்று அம்மா பூரித்துப்போனாள். அப்பா மீசையை நீவிக்கொண்டார். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நானே நெஞ்சை நிமிர்த்தி, அந்தப் படிக்கட்டில் இறங்கி வருகிறவன் மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தேன். "அசையாதேங்கோ" என்றார் படக்காரர். அசையவில்லை. மூவரில் ஒருவருக்காவது மண் நினைப்பு வந்திருக்க வேண்டுமே!

ஒரு வாரம் கழித்துப் படம் கைக்கு வந்த பிறகுதான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று வருட உழைப்பில் ஒரு பிடி மண்கூடப் படத்தில் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பின்பக்கமாவது உண்மையைச் சொல்லட்டும் என்று பென்சிலை எடுத்து எழுதினேன்:

கல்லடுக்கி மழைத்தண்ணி மறிச்சு வச்சோம்,
சாணியிட்டுச் சருகிட்டுப் பசி தீர்த்தோம்,
மண்புழுவும் குடிவந்து பால் காய்ச்சியாச்சு,
மாமன்மக மட்டுந்தான் இன்னும் வரல்ல.

அனுப்புவதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கொத்மலைக்குப் போகிற ஒருவரிடம் படத்தைக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

நான்காம் நாள் மாமா நேரில் வந்து நின்றார், கையில் படம். "எங்கடா அந்த மாளிகை?" என்றார். நான் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள்.

மாமா கோவாவைப் பார்த்தார், லீக்ஸைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தி ஓரத்தில் குந்தி, மண்ணுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா" என்றார் அம்மாவிடம். "மாளிகையக் காட்டி ஏமாத்துறான்னு படத்தக் கிழிக்கப் போனேன். எம்மகதான் புடுங்கிப் பின்னால உள்ளத வாசிச்சா. மூணு தரம் வாசிச்சா. மூணு தரமும் சிரிச்சா. போயி அந்த மண்ணப் பாத்துட்டு வாங்கன்னு என்னத் தொரத்திட்டா."

அவள் சிரித்தாளாம்! அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கல்கட்டின் மேல் நின்றிருந்தவன் ஒரே குதியாக லீக்ஸ் பாத்திக்குள் குதித்தேன். இன்னொரு குதி. இன்னும் ஒன்று.

"டேய், மிதிக்காதடா!" என்று மாமா அலறினார். "எம்மக வந்து பொழைக்கப்போற மண்ணுடா அது!"

என்ன சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கணுக்கால் புதைய, அந்த மண்ணுக்குள்ளேயே நின்றேன்.