போனஸுக்காக வலியைப் பொறுக்கச் சொன்னேன்

என் பெயரைப் போட வேண்டாம், வெட்கமாக இருக்கிறது. பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வாசல் பலகையில் விபத்தில்லாத நாட்களை தினமும் கூட்டி எழுதுவது என் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். மருத்துவக் காப்பீட்டில் நான்கு வருடம் க்ளைம் செய்யாததால், ஐந்து லட்சமாக இருந்த எங்கள் கவரேஜ் போனஸ் சேர்ந்து ஏழு லட்சமாகியிருந்தது. கேன்டீனில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர்.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. ரின்யூவல் ஆயிட்டா இந்த வருஷ போனஸும் சேர்ந்துடும்" என்றேன்.

சாப்பிட்டால் வலிக்கிறது என்று அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். ஆறாவது வாரம் காய்ச்சலில் நடுங்கிச் சுருண்டுவிட்டாள். பித்தப்பையில் சீழ் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் அப்போதும் நான் போனஸைப் பற்றித்தான் கேட்டேன்.

அங்கிருந்த பெண் பாலிசியைப் பார்த்துவிட்டு, "அடுத்த ரின்யூவல்ல ஒரு வருஷத்து போனஸ் மட்டும் குறையும் சார். இப்ப ஏழு லட்சமும் அப்படியே இருக்கு. இந்த மாதிரி நேரத்துக்குத்தானே அது?" என்றாள்.

திரும்பி வந்தேன். ஸ்ட்ரெச்சரில் இருந்த மனைவி என் கையைப் பிடித்து, "போனஸ் போயிடுமாங்க?" என்றாள்.

பிழைத்துவிட்டாள். இப்போதெல்லாம் முதலில் டாக்டர், பிறகுதான் பாலிசி. ஆனால் வலி என்று அவளாக என்னிடம் சொல்வதில்லை. தினமும் நானே கேட்கிறேன்.