கல்லின் சத்தம் கேட்க வந்தவர்கள்

பதுளைக் கடைத்தெருவில் என் தையல் கடைக்கு அடுத்த கதவு ஹுமைத் நானாவுடையது; எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் நானா. மரம் அறுக்கும் செயின்சோக்களின் சங்கிலிக்குச் சாணை பிடிப்பது அவர் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு விறகு வேண்டி மலையெல்லாம் அந்த வாள்கள் இரைந்துகொண்டிருந்தன. தெமோதரைப் பக்கமிருந்தும் பெரகலைப் பக்கமிருந்தும் மழுங்கிய சங்கிலிகள் சாக்குப் பையில் கட்டி பஸ்ஸில் வரும். தீட்டியவை அதே பஸ்ஸில் திரும்பிப் போகும். கொண்டுவந்து கொடுப்பது கண்டக்டர். சங்கிலிக்காரர்களில் பாதிப் பேருடைய முகத்தை நானா கண்டதே இல்லை.

வேலைக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆளில்லை. மனைவி ஜெஸீமா மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. சாணை மெஷின் ஓடும்போது பேசினால் காதில் விழாது; நின்ற பிறகு பேச யாரும் வருவதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நானும் அந்த லட்சணத்தில்தான் இருந்தேன்.

மெஷினில் பூட்டுகிற சாணைக்கல் விஷயத்தில் மட்டும், குறை பார்ப்பதில் மனுஷர் மாப்பிள்ளை வீட்டாரைவிட மோசம். சின்னப் பல் சங்கிலிக்கு மெல்லிய கல், பெரிய பல்லுக்குத் தடித்த கல். மாற்றிப் போட்டால் பல்லின் வளைவு கெட்டுவிடுமாம். கல் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் பல் சூடேறி நீலம் பாரித்துவிடும்; அப்புறம் அரமும் ஏறாது, மரமும் அறாது. எல்லாம் சரி என்றாலும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. புதுக் கல்லை விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுவார். 'டிங்' என்று மணிபோல் கேட்டால் நல்ல கல். 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அதை மெஷினில் பூட்டினால் சுற்றுகிற வேகத்தில் கல் சிதறி ஆளையே முடித்துவிடும்.

இப்படிப்பட்ட மனுஷருக்குக் காது மந்தமாகிப் போனது. எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் கையில் கல்லோடு என் கடை வாசலில் வந்து நின்றார்.

"சிவஞானம், இதக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களே. எனக்கு வெளங்குதில்ல."

அன்றிலிருந்து தெருவுக்கே அது வேலையாகிவிட்டது. கல் மாற்றும் நாளில் நான் போவேன், அல்லது எதிரே இரும்புக் கடை வைத்திருந்த றவூப் போவான். நானா தட்டுவார், நாங்கள் தலையாட்டுவோம். வந்தவனைச் சும்மா அனுப்பலாமா என்று தேத்தண்ணி ஊற்றுவார். தேத்தண்ணி குடிக்கும்போது ஊர்க்கதை பேசாமல் இருக்க முடியுமா? காதருகே கத்திக் கத்திப் பேசினோம். எனக்குத் தையல் தேங்கியது, எரிச்சலும் வந்தது. ஆனால் போகாமல் இருக்கவில்லை.

கடைசியில் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு காதிலும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். அழுக்கும் கல்தூளும் சேர்ந்து கட்டியாகக் கிண்ணத்தில் விழுந்தது.

"இவ்வளவத்தையும் உள்ளுக்கை வைச்சுக்கொண்டு என்னெண்டு காது கேக்கும்?" என்று சிரித்தார்.

நானாவும் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் மைனா கத்துவதைக்கூட எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் றவூப் ஓடிவந்து, வழக்கம்போல அவர் காதில் கத்தினான்.

"டாக்டர் என்ன சொன்னாரு நானா?"

நானா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கையைக் காதோரம் குவித்து, "ஆங்?" என்றார்.

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபம் அங்கேயே செத்துப்போனது. காது கேட்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு யார் வருவார்கள்? அந்த மனுஷர் ஒரு பொய்யில் நாலு வார்த்தை சம்பாதித்துக்கொண்டிருந்தார். அன்று முதல் நானும் அவர் காதருகே கத்தித்தான் பேசினேன்.

றவூப் மடையனல்ல. தெமோதரை பஸ் வளைவுக்கு அப்பால் ஹோர்ன் அடிக்கும்போதே நானா சாக்குப் பையோடு எழும்புவதைக் கவனித்துவிட்டான். தன்னை ஏமாற்றுகிறார் என்று அவனுக்கு ரோஷம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், லொறியில் வரும்போது அடிபட்ட கல் ஒன்றைத் தன் கடையிலிருந்து எடுத்துவந்து, புதுக் கல் என்று நானாவிடம் நீட்டினான்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். 'டொக்' என்று கேட்டது. பானையில் தட்டின மாதிரி. உடனே றவூபின் குரல் பலமாக வந்தது.

"அருமையான சத்தம் நானா! பூட்டுங்க!"

ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். நானா கல்லைக் கையில் பிடித்தபடி நின்றார். 'இது வெடிச்ச கல்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆபத்து இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு தேத்தண்ணியும் ஊர்க்கதையும் போய்விடும். றவூப் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். நானா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் வேண்டாம் என்று கத்தியதும் காதில் விழாதவர்போல், கல்லை மெஷினில் பூட்டினார்.

நட்டை முறுக்கும்போது றவூபின் சிரிப்பு வற்றிவிட்டது. "நானா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். நானா கல்லின் இரும்பு மூடியை இறுக்கிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளிச் சுவர் மூலையில் நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் தான் நின்றுகொண்டு, கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார்.

கல் இரைந்து வேகமெடுத்தது. மறுகணம் பட்டாசுக் கட்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம். மூடி பிளந்து தொங்கியது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தூசி அடங்கியபோது மெஷின் சாய்ந்து கிடந்தது. எங்கள் மூன்று பேர் மேலும் ஒரு கீறல் இல்லை.

றவூப் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் கையை நானா இன்னும் விடவில்லை. வெடிக்கும் என்று தெரிந்துதான் நானா எங்களை மூலைக்குத் தள்ளினார் என்று அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடைந்த மெஷினைப் பார்த்தான். பின்னால் திறந்து கிடந்த அறையையும் ஒற்றைக் கட்டிலையும் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

பிறகு நானாவின் காதுக்குக் கிட்டப் போய், எப்போதும்போல் கத்தினான்.

"மன்னிச்சுக்குங்க நானா! எனக்குத்தான் காது சரியில்ல! இனி நானும் சிவஞானம் அண்ணனும் ரெண்டு பேருமே வந்து கேட்டுச் சொல்றோம்!"

நானா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையைக் காதோரம் குவித்தார்.

"என்ன மகன் சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்களே."

றவூப் இன்னும் சத்தமாகச் சொன்னான்.