கடைசி சீட்டில் ஒரு சிரிப்பு

லாரி ஓட்டிய காலத்தில், பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் போனபோதுகூட அவருக்குக் கை நடுங்கியதில்லை. அவரை நடுங்க வைத்தது ஒரு நல்ல பேச்சு. அதுவும் சொந்த வீட்டில், சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில்.

பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. வீட்டில் கொஞ்ச காலமாகப் புரொபசர். பட்டம் கொடுத்தது மனைவி. அதில் பாதி கேலி, பாதி பெருமை. முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் லாரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வந்தவர். மண்டையில் படிப்பு ஏறாது என்று சின்ன வயதில் எல்லாரும் சொன்னார்கள், பாவம், அவரும் நம்பிவிட்டார். போன வருஷம் மகள் தன் பழைய போனைக் கொடுத்து, "சும்மா இருக்கிற நேரத்துல இதெல்லாம் பாருங்கப்பா" என்று ஒரு வீடியோவைத் தட்டிவிட்டாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஒரு பெண்மணி மேடையில் நின்று பேசினார். மனுஷர் அசந்துபோனார். அடுத்து, வானம் ஏன் நீலம். அடுத்து, ஜெயிலிலிருந்து வந்த ஒருவர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டு அழுதார். நடுநடுவே ஃபிரிட்ஜ் மேலிருந்து குப்புற விழும் பூனைகள். இத்தனை பேர் இத்தனை நாளாகத் தன்னிடம் பேசக் காத்திருந்தார்களா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். துணைக்கு வரும் ஆயாவும் அவர்களோடு இறங்கிப் போய்விடுவார். பஸ்ஸை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியதும் இவர் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து, தூங்கிப்போன பிள்ளை ஏதாவது கிடக்கிறதா என்று சீட்டு சீட்டாகக் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததற்கு அடையாளமாக, தோளில் கிடக்கும் நீலத் துண்டைக் கடைசி சீட்டுக் கம்பியில் கட்டுவார். ஷெட் கேட்டில் நின்றாலே பின்கண்ணாடி வழியாக அது தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

போன் வந்தபின் அந்தச் சட்டத்தில் ஓட்டை விழுந்தது. கடைசி சீட்டில் மரநிழல் விழும். அங்கே கால் நீட்டி உட்கார்ந்து வீடியோ பார்ப்பது சுகம். ஆகவே பின்னால் நடந்து போவது நிற்கவில்லை. இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணைப் போனில் நட்டுக்கொண்டு போனார், அவ்வளவுதான். துண்டு மட்டும் நாள் தவறாமல் கம்பியில் ஏறியது.

அன்றைக்கும் ஏறியது. ஒரு பூனையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பின்கதவு வழியாகவே இறங்கி, பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இந்தா, இதக் கேளு, மூளையப் பத்திப் பேசுறாரு" என்று போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார்.

"இன்னிக்குக் காலையில வீட்டைப் பூட்டினீங்களா?" என்றார் மேடையில் நின்றவர். "பூட்டினது ஞாபகம் இருக்குன்னு சொல்வீங்க. நல்லா யோசிங்க. ஞாபகம் இருக்கிறது இன்னிக்குப் பூட்டினதா, தினமும் பூட்டுறதா?"

கூட்டம் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அவர் கை வெறும் தோளைத் தடவியது.

துண்டைக் கட்டியது ஞாபகம் இருந்தது. பூனை ஞாபகம் இருந்தது. ஒரு சீட்டுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நேற்றைய சீட்டும் வரவில்லை, அதற்கு முந்தின நாள் சீட்டும் வரவில்லை. வந்தது ஒரு முகம்தான். முன்பல் விழுந்த சின்னக்குட்டி, ஏறி உட்கார்ந்ததுமே தூங்கிவிடும். "ராத்திரி சரியாத் தூங்கலண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று காலையில் அதன் அம்மா சொன்னாள். இறங்கும்போது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அது போகும். இன்றைக்குத் தட்டியதா?

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்துப்போச்சு?"

"பஸ்ஸுல பிள்ளை இருக்கோ என்னமோ."

"தினமும் பாக்கிறவரு இன்னிக்கு மட்டும் பாக்காமலா வந்திருப்பீங்க?"

"தினமும் பாக்கிறதே இல்லம்மா" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பயங்கரம் என்று அவருக்கே உறைத்தது.

பள்ளிக்குப் போன் போட்டார். "கிளாஸ்ல கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்" என்றாள் ஆபீஸ் பெண், அவசரமே இல்லாமல். புரொபசர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். முதுகுவலிக்காரர் ஓடுகிறாரே என்று தெருவே வேடிக்கை பார்த்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட தகர வண்டி எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? எதுவும் ஆகியிருக்கக் கூடாது, எதுவும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய் தன்பாட்டுக்கு முனகியது.

கேட்டுக்கு வந்ததும் பின்கண்ணாடியைத்தான் பார்த்தார். நிழல் பஸ்ஸை விட்டு எப்போதோ நகர்ந்திருந்தது. கம்பியில் துண்டு இல்லை. கட்டினது அவருக்கு நிச்சயம்; கட்டின துண்டு தானாக அவிழாது. அப்படியானால் உள்ளே ஒரு கை இருக்கிறது.

சாவி பூட்டில் நுழைய மறுத்தது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. "பாப்பா! கண்ணு!" பதில் இல்லை.

கடைசி சீட்டில், தலையில் நீலத் துண்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தது குழந்தை. பக்கத்துக் கண்ணாடி சரியாக மூடாமல் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மூக்கை அந்தப் பக்கம் வைத்துப் படுத்திருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வாரி எடுத்து வெளியே மரத்தடிக்குக் கொண்டுவந்து, முகத்தைத் துடைத்து, வண்டியிலிருந்த தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மடக் மடக்கென்று குடித்தது. கண்ணைத் திறந்தது. அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மாமா, நான் கூப்பிட்டேன்."

"எப்பம்மா?"

"நீங்க பின்னாடி உக்காந்து சிரிச்சீங்கள்ல, அப்ப. உங்க காதுல அது இருந்துச்சு. சிரிச்சு முடிச்சதும் வருவீங்கன்னு மறுபடி படுத்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா நீங்க இல்ல."

அவர் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். பையில் போன் அடித்தது. ஆபீஸ் பெண்தான்.

"அண்ணே, அந்தப் பாப்பா இன்னிக்கு லீவு போலிருக்கு, வரலன்னு மிஸ் எழுதிட்டாங்க. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

பயம் அவருக்கு இப்போதுதான் முழுசாக வந்தது. சாயங்காலம் வரை இந்தக் குழந்தையை ஒருத்தரும் தேடியிருக்க மாட்டார்கள்.

"லீவு இல்லம்மா. பஸ்ல வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன். நான்தான் பாக்கல. டாக்டரை அனுப்புங்க. அவங்க அம்மாவுக்கும் சொல்லிடுங்க, நான்தான்னு சொல்லுங்க" என்றார். 

குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"என்னத்தப் பாத்து மாமா அப்படிச் சிரிச்சீங்க? எனக்கும் காட்டுங்களேன்."