மோடம் பெட்டியும் மூணு புகாரும்

இன்டர்நெட் லைன் சரி பண்றவனை, லைன் நல்லா இருக்கிற நாள்ல யாரும் நினைக்க மாட்டாங்க. மோடத்துல சிவப்பு விளக்கையே பார்த்து வெறுத்துப்போன உங்களுக்குத் தெரியாததா? டெலிபோன் கம்பியில இன்டர்நெட் வந்த காலம் அது. நான் அந்த வேலையில தற்காலிக ஆள். ஒரே வீட்டுல இருந்து மூணாவது புகார் வந்தா வேலை காலின்னு மேனேஜர் சொல்லிட்டார்.

ஆறு மணி மேளம்

மயிலாப்பூர்ல ஒரு மாமி வீடு, முதல் மாடி. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு லைன் கட்டாகும், கால் மணி கழிச்சுத் தானா வரும். மோடத்தை மாத்தினேன். ரெண்டாவது புகாரும் வந்துட்டுது. மறுநாள் ஆறு மணி வரைக்கும் அங்கேயே காத்திருந்தேன்.

மாமியே கீழே இறங்கி, ஃபிளாட் பிள்ளையார் கோயில்ல சுவிட்சைப் போட்டாங்க. கரண்ட் மேளமும் மணியும் டமடமன்னு ஆரம்பிச்சது, மேலே மோடம் விளக்கு செத்துப்போச்சு. அந்த மோட்டார் கிளப்புற மின் இரைச்சல், பக்கத்துல போற நம்ம கம்பியில ஏறி சிக்னலை அமுக்குது. மேளத்தைக் கொஞ்சம் நேரம் மாத்தி வெச்சுக்கலாமான்னு கேட்டேன்.

"பிள்ளையாருக்கெல்லாம் நேரம் மாத்த முடியாது. நீங்க உங்க கம்பியைத் தள்ளிப் போட்டுண்டு போங்கோ."

ஒரே வாசல்

தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். ஒரே லைன்ல பில் மெஷின், கேமரா, மாடியில பசங்க பார்க்கிற சினிமா எல்லாம். ஸ்லோன்னு புகார். ஒரு நொடிக்கு இவ்வளவு பிட் டேட்டாதான் லைன் தாங்கும், அதை எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு படம் வரைஞ்சு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டார்.

"ஆடித் தள்ளுபடிக்கு நம்ம கடை வாசல் மாதிரின்னு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்லா. இதுக்குப் போயி படம் எதுக்குவே?"

ஆடாத பொண்ணு

ராயப்பேட்டையில ஜரிகை வேலை பார்க்கிற பாய் வீடு. மழையில கேபிள் நனைஞ்சு, ஏற்கெனவே ரெண்டு புகார். நான் போன அன்னைக்குக் காலையில துபாய்ல இருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுல அவர் பொண்ணைப் பார்க்கப் போறாங்க. படம் உடைஞ்சா சம்பந்தமும் உடையும்னு பாய்க்குப் பயம். மூணாவது புகார்னு எனக்குப் பயம். கேபிளை அன்னைக்கே சரி பண்ண வழியில்லை.

வீடியோவுல, முந்தின படத்துல இருந்து எது மாறுதோ அதைத்தான் புதுசா அனுப்பும். அசையாத சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்பாது. அதனால ஃபேனை நிறுத்தினேன். ஜன்னல் திரையைக் கழட்டினேன். யாரும் ஆடாதீங்கன்னேன். வீட்டுல இருந்த எட்டு பேரும் வேர்த்து வழிய சிலையா உக்காந்தாங்க, படம் உடையாம நின்னுது. இவ்வளவு அடக்கமான பொண்ணு எங்கே கிடைக்கும்னு மாப்பிள்ளையோட அம்மா அங்கேயே சம்மதம் சொல்லிட்டாங்க. பாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. துப்பட்டாவால முகத்தைத் துடைச்சுக்கிட்டே அந்தப் பொண்ணு கேட்டா:

"கல்யாணத்துக்கு அப்புறமும் எத்தினி நாளுண்ணா இப்டியே ஆடாம குந்திகினு இருக்கணும்?"

இப்போ கண்ணாடி இழை கேபிள் வந்து, என் வேலையும் நிரந்தரமாகி, படமும் உடையாம ஓடுது. என்னை உள்ளே கூப்பிட்டு உக்காரவெச்சு டீ கொடுக்கத்தான் யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.