தலைவர் கொடுத்த தேதி

நான்காம் வகுப்பு படிக்கும்வரை எனக்குக் காது குத்தவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்களெல்லாம் தொங்கட்டானை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கு வர, நான் மட்டும் மூளிக்காதோடு போவேன். வாங்க வழியில்லாமல் இல்லை. காரணம் அரசியல்.

அப்பா எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆளுங்கட்சியை எதிர்ப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் எதிர்ப்பது ஆளுங்கட்சிக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். ஒவ்வொரு தேர்தலிலும் டெபாசிட் போகும். மறுநாள் காலையில் அப்பா ஒன்றும் நடக்காதது போல மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "கட்சி வளந்துகினுதான் கீது" என்பார். அதை அம்மாவிடம்தான் சொல்வார். வேறு யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

கட்சிக்காரர் வீட்டில் ஒரு நல்லது நடந்தால் அது தலைவர் தலைமையில் நடக்க வேண்டும் என்பது எங்கள் கட்சியில் ஒரு வழக்கம். எனக்குப் பெயர் வைத்ததே அவர்தான். செங்கல்பட்டில் ஒரு பொதுக்கூட்ட மேடையில் அப்பா என்னை நீட்டினாராம், தலைவர் பெயர் வைத்தாராம். அன்றைக்கு நீட்டப்பட்ட பெண் குழந்தைகள் எல்லோருக்கும் அதே பெயர்தான் என்பது பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு அதிலும் பெருமைதான்.

அதனால் காதணி விழாவுக்கும் தலைவர் வர வேண்டும். தலைவர் தேதி கொடுப்பார். அப்பா பிளெக்ஸ் அடிப்பார். பிறகு தலைவருக்கு வேறு எங்கோ வேலை வந்துவிடும். வீணான பிளெக்ஸ்களை எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மறைப்பாகக் கட்டினார்கள். தலைவர் சிரித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா அதைத் திருப்பிக் கட்டினாள். "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே வந்துடும் போலகீது, தலைவரு வரமாட்டாரு" என்று அவள் முணுமுணுப்பாள்.

காது குத்த இன்னொருவரும் முக்கியம். அவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் கல்யாணமாகி வரும்போது அம்மா தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, பைக் மெக்கானிக் ஆகி, பஸ் நிறுத்தத்துப் பக்கம் கடை போட்டவர் அவர். அப்பாதான் அவரைக் கட்சியில் சேர்த்தார். இரண்டு பேரும் ஒரே தட்டில் மீன் குழம்பு போட்டுச் சாப்பிட்டபடி தலைவரின் பேச்சை மனப்பாடமாகச் சொல்வார்கள். கடை போட்ட புதிதிலேயே மாமா எனக்குச் சின்ன ஜிமிக்கி வாங்கி, டப்பாவோடு பத்திரமாக வைத்திருந்தார். மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், மாமன் கொடுத்ததைத்தான் போட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கட்சி உடைந்தது. தலைவர் தன் மகனுக்கு இளைஞரணியைக் கொடுத்தார். பொதுச்செயலாளர் கோபித்துக்கொண்டு, நான்தான் உண்மையான கட்சி என்று அறிக்கை விட்டார். இருந்ததே ஒரு வேன் ஆள். அதையும் இரண்டாகப் பிரித்தார்கள். அப்பா தலைவர் பக்கம் நின்றார். மாமா பொதுச்செயலாளர் பக்கம் போனார். முதலில் எங்கள் வீட்டில் அது ஒரு கேலிப்பேச்சாகத்தான் இருந்தது. மாமா சாப்பிட வந்தால் "எதிரணிக்கு ஒரு கரண்டி குறைச்சலா போடு" என்பார் அப்பா. அம்மா கூடுதலாகப் போடுவாள்.

கட்சியின் ஆண்டு விழா அன்று கேலி போய்விட்டது. எங்கள் தெருமுனையில் இருந்தது ஒரே கொடிக்கம்பம். அப்பாவும் மாமாவும் சேர்ந்து சிமென்ட் குழைத்து நட்டது. அதில் யார் கொடி ஏற்றுவது என்று இரண்டு அணியும் வந்து நின்றன. கொடி என்னவோ ஒரே கொடிதான். ஏற்றுகிற கைதான் வேறு. ஊரே வேடிக்கை பார்க்க, அப்பா வாய் தவறி ஒரு வார்த்தை விட்டார்.

"என் சோத்தத் துன்னு வளந்தவன், எனக்கே எதிர்ல நிக்கிறியா?"

மாமா கயிற்றை விட்டுவிட்டார். கத்தவில்லை. "அது எங்க அக்கா போட்ட சோறுன்னு நெனச்சிக்கினு இருந்தேன், மாமா" என்றார். "இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அன்றைக்கு யாருமே கொடி ஏற்றவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் ராத்திரிச் சோற்றில் ஒரு ஆளுக்கு அதிகமாக வடித்துக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணன் மடியில ஒக்கார வெச்சு குத்திடலாம்" என்று அப்பா ஒருநாள் சொன்னபோது, அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வூட்டுக்கு வரமாட்டேன்னுதான் சொன்னான். மடி குடுக்க மாட்டேன்னு சொல்லல. எனக்கு மிச்சம் கீறது அந்த ஒரு வழிதான். அதையும் அடைக்காத."

அப்பா அண்ணன் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள் டிவியில் தலைவரும் பொதுச்செயலாளரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். குடும்பம் என்றால் சண்டை வரத்தான் செய்யும் என்றார் தலைவர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றார் பொதுச்செயலாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஓடி, "எங்க மாமா வூட்டுக்கு வரப் போறாரு" என்று எல்லோரிடமும் சொன்னேன். பெரியவர்கள் சேர்ந்துவிட்டால் சின்னவர்களும் சேர்ந்துதானே ஆக வேண்டும்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இணைப்பு விழா. அப்பா எங்கெங்கோ பேசி, அந்த மேடையிலேயே என் காதணி விழாவுக்குத் தேதி வாங்கிவிட்டார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மடி என் தம்பியுடையது. "நானே ஆள் அனுப்பிக் கூப்புடறேன். அவன் வரட்டும், எனக்கு இன்னா" என்றார் அப்பா. அவருக்கும் ஆசைதான். நேரில் போய்க் கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

மாமா வந்தார். மண்டபத்தில் பொதுச்செயலாளர் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார். அம்மா முகம் அன்று மாதிரி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "வா, வா" என்று மேடையிலிருந்து கையைக் கையை ஆட்டினாள். நாற்காலிகளுக்கு நடுவில் அவர் வழி கேட்டு வந்துகொண்டிருந்தார்.

தலைவருக்கு அவசரம். அடுத்து எங்கோ போக வேண்டும். மாமன் எங்கே என்று காது குத்த வந்திருந்த ஆசாரி கேட்டார். "தலைவரே, மச்சான் கீழ வந்துகினு..." என்று அப்பா ஆரம்பித்தார். அதற்குள் தலைவர் என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"இந்தக் கட்சியிலே பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் நான்தான் தாய்மாமன்."

மண்டபம் அதிர்ந்தது. பொதுச்செயலாளர் என் தலையைப் பிடித்துக்கொண்டார். கேமராக்கள் மின்னின. அப்பா பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டார், கண்ணில் தண்ணீர் நின்றது. தலைவர் மடி கிடைத்த சந்தோஷம் பாதி, மீதி என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா மேடைப்படி வரைக்கும் வந்துவிட்டார். "எடமில்ல அண்ணாத்த, கீழ நில்லு" என்று ஒரு தொண்டர் குறுக்கே கையை வைத்தார். மாமா அந்தக் கையைத் தள்ளவில்லை. நான் "மாமா" என்று கத்தினேன். அதே நேரம் ஊசியும் இறங்கியதால், வலியில் கத்துகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது மாமா அம்மா கையில் டப்பாவை வைத்தார். "போட்டுவுடுக்கா" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டுப் போனார்.

அந்த ஒற்றுமை ஒரு வருடம்கூட ஓடவில்லை. கட்சி மறுபடி உடைந்து, மறுபடி சேர்ந்து, இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பா கட்சியை விட்டுவிட்டார், மாமாவும் விட்டுவிட்டார். எங்கள் வாசற்படியை மட்டும் அவர் இன்னும் மிதிக்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் சொன்னதைச் சுலபமாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அப்பாவும் மாமாவும் சொன்னதை நம்பிச் சொன்னவர்கள்.

இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று மாலை மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். காதில் ஜிமிக்கி, நாளைக்குப் பள்ளிக்கூடம். தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் அப்பா திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அவள் தோளைத் தொட்டு, "வலிக்கவே இல்லம்மா, அழாத" என்றேன்.