சொட்டு நீரை நம்பாதவன்

நான் வேலை பார்க்கும் கலிபோர்னியப் பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள், வெட்டுகிறார்கள், வெட்டியதை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். மேய ஒரு மாடு கிடையாது. வந்த புதிதில் அந்த மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் வயிறு எரியும். எங்கள் ஊர் கூமாப்பட்டியில் ஒரு கட்டுப் புல்லுக்காக வரப்பு வரப்பாக அலைந்தவன் நான். என் மனைவி செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, நர்ஸ். எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். தெரிந்த ஒரே வேலை மண்வேலை என்பதால் நகரப் பூங்காவில் சேர்ந்தேன். வருஷம் ஐந்தாகிறது. வயிறு எரிவதெல்லாம் நின்றுவிட்டது, அலுப்புதான் மிச்சம்.

இங்கேயும் வறட்சி வரும் என்று ஊரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன வருஷம் வந்தது. பூங்காக்களில் தெளிப்பானைப் பிடுங்கிவிட்டு மரங்களுக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டால், ஆகும் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகத் தண்ணீர் இலாகா அறிவித்தது. அதற்குப் பெயர் ரிபேட். தீபாவளிக்குக் கைத்தறிக் கடையில் போடுவார்களே, அதே ரிபேட்தான். இங்கே வாங்காததற்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவே. குழாய் போட்ட பிறகு மூன்று மாதம் மீட்டரைப் பார்ப்பார்கள். தண்ணீர் குறைந்திருந்தால்தான் பணம். குழாய் பதித்தது ரமோன் என்ற மெக்சிகோக்காரர், தற்காலிக வேலையாள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ரிபேட் வந்தால் அவரை நிரந்தரமாக்குவதாகச் சூப்பர்வைசர் டேல் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரமோன் பதித்த குழாயை முதல்நாள் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். இருபதடி மரத்துக்கு இதா தண்ணீர்? மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மற்றவர்கள் வருமுன்னே வந்து, மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி வெட்டி, ரப்பர் குழாயால் தண்ணீர் நிறுத்தி, வற்றியதும் சருகை இழுத்து மூடிவிடுவேன். தினம் நாலைந்து மரம். மீட்டர் என்று ஒன்று இருப்பதே நினைவில் வரவில்லை. தோப்புக்காரனுக்கு மீட்டர் ஏது?

அப்பா வைத்த தென்னந்தோப்பு எங்களுக்கு இருந்தது, மலையடிவாரத்தில். மோட்டார் ஓடும்போது மம்பட்டியோடு நின்று மடை மாற்றுவது என் வேலை. பாத்தி பாதி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பினால் அண்ணன் கத்துவார். “ஏலே, மரத்து மூடு நனைஞ்சா பத்தாதுலே, முங்கணும். செத்த நேரம் நில்லு, பொறவு மாத்து.” எண்பதுகளில் ஒரு கோடையில் கிணறு ஒரு நாளைக்கு அரைமணி நேரத் தண்ணீர்தான் கொடுத்தது. அப்போதும் முதல் வரிசையை முங்கத்தான் வைத்தோம். மூன்றாம் வரிசைக்குப் போவதற்குள் மோட்டார் காற்றைக் குடிக்கும். மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின, பிறகு கொண்டைகள் விழுந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மொட்டை மரங்களைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனார்.

மூன்று மாதம் முடிந்து தண்ணீர் இலாகா ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார். தண்ணீர் துளிகூடக் குறையவில்லை. ரமோன் போட்ட இணைப்பு எங்கோ கசிகிறது என்று டேல் முடிவு கட்டினார். மூன்று நாள் ரமோன் முழங்காலிட்டுக் குழாயைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்டேனே தவிர, வாய் திறக்கவில்லை. சே, என்ன மனுஷன் நான்! கசிவு கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு ரமோனுக்குச் சீட்டுக் கிழியும் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தாளு புள்ளகுட்டிக்காரரு. நீங்க செஞ்சதுக்கு அவரு சோத்துல மண்ணா? எம்புட்டு நாளைக்கு மறைப்பீக?”

“என் வேல போயிருமேட்டி.”

“போனாப் போவுது. நான் இன்னொரு டூட்டி பாக்கேன். காலையில போயிச் சொல்லிருங்க.”

சொன்னேன். டேலிடம்தான் சொன்னேன், பக்கத்தில் ரமோன் தோண்டிக்கொண்டிருந்தார். “ஒருநாள் காலையில் உன்னைப் பார்த்தேன். மரத்தைக் கும்பிடுகிறாய் என்று நினைத்துத் தள்ளிப் போய்விட்டேன்” என்றார் டேல். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது உங்கள் மத வழக்கமா? அப்படியானால் எழுதிக் கொடு. உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது” என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் ஆண்டாள் ஊரில் பெண்ணெடுத்துவிட்டு, பயத்துக்குச் சாமி பெயரை வைக்க வாய் வரவில்லை.

“வழக்கம் இல்லை. இந்தக் குழாய் மரத்தைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை” என்றேன். ரமோன் மண்வெட்டியை வீசி எறிந்தார். கால்சட்டையைச் சுருட்டி, தோலுரிந்த முழங்கால்களைக் காட்டி, “மூன்று நாள்!” என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

வேலை போகவில்லை. ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார்கள். இன்னொரு மூன்று மாதம் தவணை கேட்டு வாங்கினார் டேல். அந்தக் கோடை முழுக்க நான் கையைக் கட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்தேன். ஒரு கிளை காயவில்லை. ஆவணி வெயிலில் புதுத்துளிர்கூட விட்டன. மீட்டர் இறங்கியது, ரிபேட் வந்தது, ரமோன் நிரந்தரமானார். எல்லோரும் கேக் வெட்டினார்கள். எனக்கு எங்கள் தென்னந்தோப்புதான் நினைவுக்கு வந்தது. அந்த அரைமணி நேரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் கடைசி வரிசைவரை பிழைத்திருக்குமே! முங்க வைத்தே கொன்றோமே! இதை அண்ணனுக்கு எழுதலாமென்று இரண்டு தரம் உட்கார்ந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து அவர் இதைப் படிக்க வேண்டுமா என்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

ரிபேட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதா மாதம் ஒரு படிவம் கொடுக்க வேண்டும்: ‘இந்த மரங்களுக்கு இம்மாதம் யாரும் கையால் தண்ணீர் ஊற்றவில்லை.’ கீழே ஒருவர் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். இனி அது உன் வேலை என்று டேல் சொல்லிவிட்டார். அச்சடித்த வரி ஆங்கிலம். என் கையெழுத்து வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் பழகிய தமிழ். வேறு கையெழுத்து எனக்கு வராது. அதில் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் என் பெயருக்கு வர வேண்டும். தோப்பு வைத்து, அது காய்ந்ததையும் பார்த்தவரின் எழுத்து அது; போட்டதும் பேனா நின்றுவிடுகிறது. டேல் மேஜைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறார்.